எண்ணெய் போட்ட கதவு

லிஃப்ட் மெக்கானிக்குகளில் இரண்டு ரகம் உண்டு. சத்தம் வந்தால் வரட்டும், குடியிருப்பவர்கள் புகார் எழுதிக் கொடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று டீ குடிக்கப் போகிறவர்கள் ஒரு ரகம். பக்கத்து வீட்டு கேட் கிறீச்சிட்டால்கூடச் சாப்பிட்ட கையைக் கழுவாமல் எழுந்து போகிறவர்கள் இன்னொரு ரகம். நம் மெக்கானிக் இரண்டாவது ரகம், அதிலும் முற்றிய கேஸ். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போனவர், கட்டில் முனகுகிறது என்று நாலு காலையும் கழற்றிப் போட்டுக்கொண்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மாமனார் அன்று முழுக்க அவரிடம் பேசவில்லை.

அப்பேர்ப்பட்டவர் மனைவியையும் பதினொரு வயது மகளையும் அழைத்துக்கொண்டு, கடல் தாண்டி, பேச்சு புரியாத ஒரு நாட்டில் வந்து இறங்கியிருந்தார். வேலைக்காக அல்ல. இரண்டு பிள்ளைகளைத் தத்தெடுத்துக் கூட்டிப்போக. அக்காவுக்கு ஆறு வயது, தம்பிக்கு இரண்டு.

முதல் பிரசவத்தோடு இனி வேண்டாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். சொந்த நாட்டில் தத்தெடுக்கப் பெயர் பதிந்துவிட்டு ஐந்து வருஷம் தபால்காரர் முகத்தைப் பார்த்ததுதான் மிச்சம். பிறகு ஒருநாள் வெளிநாட்டு இல்லம் ஒன்றிலிருந்து ஒரு கடிதமும் ஒரு புகைப்படமும் வந்தன. தம்பியை மட்டும் கேட்டு நாலு குடும்பம் வந்ததாம். இருவரையும் சேர்த்துக் கேட்டு ஈ காக்கைகூட வரவில்லையாம். மனைவி பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கிறவள். யார் படத்தைக் காட்டினாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பாள். இந்தப் படத்தில் தம்பி வாயெல்லாம் பல்லாக இருந்தான், அக்கா உதட்டை இறுக்கி மூடியிருந்தாள்.

"இவ சிரிச்சா எப்படி இருப்பான்னு நான் பாக்கணும்ங்க" என்றாள் மனைவி. மறுநாளே பாஸ்போர்ட் ஆபீஸில் வரிசையில் நின்றார்கள்.

மகளுக்கு வீட்டில் 'வக்கீல்' என்று பெயர். பல் தேய்க்கச் சொன்னாலும் எந்தச் சட்டத்தில் அப்படி இருக்கிறது என்று கேட்கிற பிள்ளை. விமானத்தில் ஏறியதிலிருந்து அவளுக்கு ஒரே கவலை: அந்த ஆறு வயதுக்காரி அக்காவாக இருந்து பழகியவள், இனிமேல் யார் அக்கா என்பதை யார் தீர்மானிப்பது?

இல்லம் இரண்டு மாடிக் கட்டடம். சுவரில் இடுப்பளவுக்குப் பச்சைப் பெயிண்ட், அதற்கு மேல் வெள்ளை. கீழே சமையலறையும், துணி துவைத்துத் தைக்கிற அறையும், ஆபீசும். மேலே நீண்ட நடைபாதை, அதன் ஒரு முனையில் பன்னிரண்டு பிள்ளைகள் படுக்கிற கூடம், மறுமுனையில் விருந்தாளிகளுக்கான அறை. பொறுப்பாளர் அம்மா நெட்டையான பெண்மணி, இடுப்பில் சாவிக்கொத்து. அவர் பேசியதை இவர்களுக்குச் சொல்ல ஒரு பெரியவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். இருபது வருஷம் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். கூட வேலை செய்த நம் ஆட்களிடம் பேச்சைக் கற்றவர். அவர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படியே உலகத்தில் எல்லாரையும் கூப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு நாள் இங்கயே தங்கணும் மாப்ள" என்றார் கப்பல்காரர், பொறுப்பாளர் அம்மாவின் கண்டிப்பான முகத்தைப் பார்த்தபடி. "கூப்பிடக் கூடாது. தூக்கக் கூடாது. கையில எதையும் குடுக்கக் கூடாது. ஓரமா உக்காந்திருக்கணும், சின்னச் சின்ன வேலை செய்யலாம். புள்ளைங்களா வந்தா வரட்டும். பன்னெண்டாம் நாள் அதிகாரி அம்மா வருவாங்க. பெரிய புள்ளகிட்ட நேரா கேப்பாங்க. அது சரின்னு காட்டினா கையெழுத்து."

"காட்டலைன்னா?" என்றாள் மனைவி.

கப்பல்காரர் கேட்டார். பொறுப்பாளர் அம்மா கொஞ்ச நேரம் சாவிக்கொத்தைத் தடவிவிட்டுப் பதில் சொன்னார்.

"காட்டலைன்னா இனிமே ரெண்டையும் சேத்து வெக்க முடியாதாம் மாப்ள. தம்பிய மட்டும் கேட்டு ஒரு குடும்பம் ரெடியா இருக்கு. வயசு ஏறுறதுக்குள்ள அவன அனுப்பிடணும்னு மேலிடத்து உத்தரவு. பெரியது இங்கயே இருக்கும். இதுவரைக்கும் இந்தம்மாதான் பிடிவாதமா நிறுத்தி வெச்சிருக்காங்க."

மெக்கானிக் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு நாளில் ஒரு பிள்ளையின் மனதைப் பிடிக்க வேண்டும், அதுவும் வாயைத் திறக்காமல், கையை நீட்டாமல். லிஃப்ட் கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை செய்தபோதுகூட அவருக்கு இப்படிப் பயமாக இருந்ததில்லை.

முதல் நாள் காலையில் மூவரும் கூடத்தின் மூலையில் தரையில் உட்கார்ந்தார்கள். கஞ்சி வந்தது. எல்லாப் பிள்ளைகளும் நீள மேசைக்கு ஓட, அக்கா மட்டும் இரண்டு கிண்ணங்களோடு தம்பி இருந்த ஜன்னலோரக் கம்பித் தொட்டிலுக்கு வந்தாள். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. முடியைக் காதுக்கு மேல் வெட்டியிருந்தார்கள். ஒரு கரண்டி எடுத்துத் தன் கீழுதட்டில் வைத்துச் சூடு பார்த்தாள். ஊதினாள். மறுபடி உதட்டில் வைத்தாள். பிறகுதான் தம்பி வாய்க்குப் போயிற்று. ஒவ்வொரு கரண்டிக்கும் இதே வேலை. அவன் பாதியைத் துப்பினான், மீதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான், நடுவில் அவள் காதைப் பிடித்து இழுத்தான். அவள் முகத்தில் சலிப்பு என்று ஒரு கோடு விழவில்லை. அவன் முடித்த பிறகு தன் கிண்ணத்தை எடுத்தாள். அது ஆறி ஆடை கட்டியிருந்தது. நின்றபடியே நாலு வாயில் குடித்து முடித்தாள்.

மத்தியானம் எல்லாப் பிள்ளைகளும் தூங்கின. தம்பியும் தூங்கினான். அவள் மட்டும் தொட்டிலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, கம்பிக்குள் கையை விட்டு அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு விழித்திருந்தாள். கண் சொருகும், தலை ஆடும், உடனே நிமிர்ந்துகொள்வாள். ஒரு மணி நேரம். ஒன்றரை மணி நேரம். விரல் மட்டும் விடவில்லை.

மெக்கானிக் வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்டில் ஒரு சாமான் உண்டு. யார் கண்ணிலும் படாமல் பெட்டிக்கு அடியில் கிடக்கும். கயிறு அறுந்தால் அந்த நொடியே தண்டவாளத்தைக் கவ்விப் பெட்டியை நிறுத்திவிடும். வருஷத்துக்கு ஒருமுறை அதைச் சோதிக்கும்போது அவருக்கு உடம்பு சிலிர்க்கும், இத்தனை உயிரும் இந்தச் சின்ன இரும்பை நம்பித்தானே என்று. அந்தச் சிலிர்ப்பு இப்போது வந்தது. இந்தப் பிள்ளை யாரிடம் இதைக் கற்றது? யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கண் கலங்கியதை மறைக்க அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, கொக்கி சரியாக விழுகிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அப்பா, என்னால இப்படி ஒரு நாள்கூட முடியாது" என்று வக்கீல் காதோடு சொன்னாள். "அவளே அக்காவா இருந்துக்கட்டும். நான் அப்பீல் பண்ணல."

இரண்டாம் நாள், மூன்றாம் நாள் அவள் இவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. நான்காம் நாள் வக்கீல் நூலை விரல்களில் மாட்டி ஏதோ வலை பின்னிக்கொண்டிருந்தபோது, அக்கா அவளுக்கு ஒரு கை தூரத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு. மனைவி மூச்சை அடக்கிக்கொண்டாள். பொறுப்பாளர் அம்மாவின் முகம் மலர்ந்தது.

"முதுகக் காட்டிட்டா மாப்ள! அது சாமானியமில்லையாம். பயமிருக்கிற எடத்துல அது முதுகக் காட்டாதாம்" என்றார் கப்பல்காரர்.

அன்று ராத்திரி மூவருக்கும் தலைகால் புரியவில்லை. இதே வேகத்தில் போனால் எட்டாம் நாளே மடியில் வந்து உட்கார்ந்துவிடுவாள் என்று மெக்கானிக் கணக்குப் போட்டார். சந்தோஷம் வந்தால் அவருக்குக் கை அரிக்கும். அதுதான் வினையாகப் போயிற்று.

பிள்ளைகள் படுக்கிற கூடத்தின் கதவு ஒரு பழைய பலகைக் கதவு. திறந்தால் மெல்லிசாக ஆரம்பித்து, நடுவில் இழுத்து, கடைசியில் தொண்டை கட்டியதுபோல் முடிகிற ஒரு கிறீச். நாலு நாளாக அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு நல்ல இல்லத்தில் இவ்வளவு மோசமான கதவா? ஐந்தாம் நாள் பிள்ளைகள் எல்லாரும் கீழே குளிக்கப் போன நேரம் பார்த்து, தையல் அறையிலிருந்து மெஷின் எண்ணெய் கேட்டு வாங்கினார். சும்மா எண்ணெய் விட்டுவிட்டுப் போகிற ஆளா அவர்? கீலின் ஊசியைக் கழற்றினார். துருவை உப்புத்தாளால் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினார். துடைத்தார், எண்ணெய் விட்டார், பூட்டினார். ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். கதவு வெண்ணெயில் நழுவுவதுபோல் போய் நின்றது. காதும் காதும் வைத்தாற்போல ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தி. யாரிடமும் சொல்லவில்லை, தானாகத் தெரியட்டும் என்று விட்டுவிட்டார்.

தெரிந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு மனைவி துவைத்து மடித்த துணிகளைக் கொண்டுவந்தாள். கதவு சத்தமில்லாமல் திறந்தது. காலில் ரப்பர் செருப்பு. கதவுக்கு முதுகைக் காட்டி நின்று அக்கா தம்பிக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். மனைவி துணியைத் தொட்டிலின் ஓரத்தில் வைத்தாள். தம்பிக்கு அருகில் திடீரென்று முளைத்த அந்தக் கையை அக்கா பார்த்தாள்.

கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தம்பியை அப்படியே பிடுங்கி, இழுத்துக்கொண்டு போய், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் அவனைத் திணித்து, முன்னால் தன்னை அடைத்துக்கொண்டு நின்றாள். உதடு விலகிப் பல் முழுக்கத் தெரிந்தது. மனைவி அந்தப் பல்லைப் பார்க்கத்தான் கடல் தாண்டி வந்தாள். இப்படிப் பார்ப்போம் என்று நினைத்திருக்கவில்லை. பின்பக்கமாகவே நகர்ந்து நடைபாதைக்கு வந்து, சுவரில் சாய்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

பொறுப்பாளர் அம்மா வந்தார். கூடத்தைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். மெக்கானிக் அசட்டுச் சிரிப்போடு முன்னால் வந்து நின்றார். அந்த நேரத்தில்கூடத் தன் வேலையை யாராவது பாராட்டுவார்களோ என்று மனம் ஒரு நொடி எட்டிப் பார்த்தது, பாவம்.

பொறுப்பாளர் அம்மா திட்டவில்லை. சுவரோரமாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். கப்பல்காரர் வரிவரியாகச் சொன்னார்.

"எட்டு மாசத்துக்கு முன்னாடி, தம்பிக்குக் கடுமையான காய்ச்சல். மத்தியானம் பெரிய புள்ள தூங்கிட்டு இருந்தப்ப, ஆஸ்பத்திரிக்காரங்க வந்து அவனத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. எழுப்பிச் சொல்ல யாருக்கும் தோணல. எந்திரிச்சுப் பாத்தா தொட்டில் காலி. ஒம்பது நாளு. திரும்பி வருவான்னு நாங்க எவ்வளவு சொல்லியும் அது நம்பல. அன்னிலேருந்து அது பகல்ல தூங்கினதில்ல மாப்ள. ராத்திரி இந்தம்மா கதவப் பூட்டி, சாவிய அது கண்ணுல காட்டினாத்தான் கண்ண மூடும். முதுகத் திருப்பாது. கக்கூசுக்குப் போனாலும் தம்பியத் தூக்கிக்கிட்டுத்தான் போகும். அப்புறம் மழை வந்துச்சு. கீல் துருப்புடிச்சு, கதவு சத்தம் போட ஆரம்பிச்சுது. யாரு வந்தாலும் போனாலும் காதுக்குத் தெரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா முதுகத் திருப்பிச்சு. அந்தக் கதவ யாரும் தொடக் கூடாதுன்னு இந்தம்மா தச்சன்கிட்டகூடச் சொல்லி வெச்சிருக்காங்க."

கப்பல்காரர் நிறுத்தினார். "உங்ககிட்ட சொல்ல மறந்துட்டாங்களாம். அவங்கதான் வருத்தப்படுறாங்க."

மெக்கானிக் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே காவலை அவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்.

அடுத்த இரண்டு நாள் அவர் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். சோப்புத் தண்ணீர் விட்டு எண்ணெயைக் கழுவினார். சாம்பல் போட்டுத் தேய்த்தார். உப்புத் தண்ணீரில் நனைத்த துணியைக் கீலில் சுற்றிவைத்து, துரு பிடிக்கிறதா என்று மணிக்கொரு தரம் போய்ப் பார்த்தார். துரு என்ன கூப்பிட்டால் ஓடிவருமா? திருகாணிகளைத் தளர்த்திக் கதவைத் தரையில் உரசவிட்டார். சத்தம் வந்தது, ஆனால் வேறு சத்தம். அக்கா அதைக் கேட்டு நடுங்கினாளே தவிர அடங்கவில்லை. இருபத்து மூன்று வருஷமாகச் சத்தத்தை ஒழித்துப் பிழைத்த மனிதர், ஒரே ஒரு சத்தத்துக்காகக் கதவின் காலில் விழாத குறையாகக் கிடந்தார்.

உள்ளே நிலைமை மோசம். அவள் அலமாரிச் சந்தைவிட்டுத் தொட்டிலுக்கு வந்திருந்தாள், அவ்வளவுதான். முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கண்ணைக் கதவில் ஆணி அடித்தாற்போல வைத்திருந்தாள். கஞ்சி ஊட்டும்போதும் கதவையே பார்த்ததால் கரண்டி தம்பியின் மூக்கில் போயிற்று. ஏழாம் நாள் போய்விட்டது. மிச்சம் ஐந்து.

"என்னங்க, நாம கிளம்பிடலாமா?" என்றாள் மனைவி. "நாம வந்ததே தப்போன்னு தோணுது. அந்தப் புள்ள நிம்மதியாவாவது இருந்துச்சு."

"கிளம்பினா தம்பிய வேற ஆளு கொண்டுபோயிடுவாங்களே" என்றார் அவர்.

வக்கீல் கட்டிலில் கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். "அப்பா, அந்தக் கதவு எப்படிக் கத்தும்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? நாலு நாளு பல்லக் கடிச்சுக்கிட்டுக் கேட்டேனே."

"அப்ப நீ கத்து. கதவுக்குத்தானே வாய் போச்சு? உனக்கு இருக்குல்ல?"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மெக்கானிக் அடித்துக்கொள்ளவில்லை. கூட்டத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் வியர்த்துக் கொட்டுகிற மனிதர், கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, மனதுக்குள் அந்தக் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் காலை, கூடத்துக்கு வெளியே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சமையல்காரி கஞ்சி அண்டாவோடு வந்தாள். கையைக் காட்டி அவளை நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். மெல்லிசாக ஆரம்பித்து, நடுவில் இழுத்து, கட்டின தொண்டையோடு முடித்தார்: "கிர்ர்ரீ...ஈஈ...ச்ச்க்." பிறகு கதவைத் திறந்துவிட்டார். சமையல்காரி அண்டாவைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

உள்ளே அக்காவின் தலை நிமிர்ந்தது. அவள் சிரிக்கவில்லை. நெற்றி சுருங்கக் கேட்டாள்.

அன்று முழுக்க அவர் அங்கேயேதான். யார் வந்தாலும் ஒரு கிறீச், யார் போனாலும் ஒரு கிறீச். பொறுப்பாளர் அம்மா ஆணை போட்டுவிட்டார்: மெக்கானிக் குரல் கொடுக்காமல் யாரும் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. டாக்டர் வந்தார், நின்று காத்திருந்து உள்ளே போனார். துணி எடுக்கிறவள் மறந்துபோய் நுழையப் பார்த்தாள், அவள் கையைப் பிடித்து நிறுத்திக் கத்தினார். சாயங்காலத்துக்குள் தொண்டை புண்ணாகிவிட்டது. மனைவி வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளையும் கத்தாமல் உள்ளே விடவில்லை. ஒன்பதாம் நாள் ஒரு பூனை கால் சந்தில் புகுந்து ஓடியது. சட்டம் என்றால் சட்டம், அதற்கும் கத்தினார். அக்கா திரும்பினாள். பூனையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வாயோரம் ஒரு துளி அசைந்தது.

"பல் தெரிஞ்சுதா?" என்று பிறகு மனைவி துளைத்தெடுத்தாள்.

"லேசா. ஒண்ணு."

"மேல்பல்லா கீழ்ப்பல்லா?"

"மேல. பக்கத்துல ஒண்ணு விழுந்திருக்கு."

"ஆறு வயசுல விழும்" என்று மனைவி சொல்லி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் மத்தியானம் அது நடந்தது. எல்லாரும் தூங்குகிற நேரம். கதவு உள்ளிருந்து திறந்தது. அக்கா தனியாக நின்றாள். கையில் தம்பி இல்லை. முக்காலியில் இருந்தவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள். அவர் அசையவில்லை. அவளுக்கும் சேர்த்துக் கத்த வேண்டும் என்று சட்டென்று நினைவு வந்து, மெதுவாகக் கத்தினார். அவள் தலையை ஆட்டினாள், சரிதான் என்பதுபோல. நாலு அடி நடந்தாள். திடீரென்று திரும்பி ஓடிவந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். தம்பி அங்கேயே இருந்தான். இம்முறை பத்து அடி. திரும்பினாள், பார்த்தாள். இருந்தான். மூன்றாவது முறை படிக்கட்டு வரை போய், அங்கே நின்று அவரையே பார்த்தாள். பிறகு இறங்கிவிட்டாள்.

அவள் திரும்பி வருகிற வரைக்கும் மெக்கானிக் படிக்கட்டையும் தொட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். யாராவது உள்ளே போய்விட்டால்? தம்பி எழுந்து அழுதால்? தூக்கக் கூடாதே! சமையல்காரி வருவது தெரிந்ததும் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்து நின்றார். கால் மணி நேரம் கழித்து அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தாள், நேராகத் தொட்டிலுக்கு. சட்டை நுனியைத் தொட்டாள். திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவரால் யாரிடமும் விளக்கிச் சொல்ல முடியவில்லை, பிற்பாடு எத்தனையோ முறை முயன்று பார்த்தார்.

பின்னாலேயே வக்கீல் படியேறி வந்தாள். கண் அகல விரிந்திருந்தது. "அப்பா, அவ தோட்டத்துக்கு வந்தா. சறுக்குமரத்துல ஏறினா. ஏழு தடவ சறுக்கினா. நான் கூப்பிடவே இல்ல, சத்தியமா."

பொறுப்பாளர் அம்மா நடைபாதையில் நின்று சாவிக்கொத்தை நெஞ்சோடு அழுத்திக்கொண்டிருந்தார். எட்டு மாதத்தில் அந்தப் பிள்ளை தனியாகப் படியிறங்கியது இதுதான் முதல் தடவை என்றார் கப்பல்காரர்.

ஆனாலும் பதினொன்றாம் நாள் மனைவி பெட்டியை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தாள். அக்கா இதுவரை அவர்கள் யாரையும் தொடவில்லை. பக்கத்தில் வந்து ஒரு சொல் சொல்லவில்லை.

"எனக்கு ஒரு சந்தேகம்ங்க" என்றாள். "அவ உங்கள இங்க புதுசா வேலைக்குச் சேந்த வாட்ச்மேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தா? அதிகாரி வந்து இவங்ககூடப் போறியான்னு கேட்டா, வாட்ச்மேன்கூட யாராவது ஊரு விட்டு ஊரு போவாங்களா?"

அவருக்கும் அந்தப் பயம் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, கீழே ஆபீசில் எல்லாரும் கூடினார்கள். அதிகாரி குட்டையான பெண்மணி. ஜலதோஷம் பிடித்த மூக்கு, கயிற்றில் தொங்கும் கண்ணாடி. மேசைமேல் பழுப்பு நிறக் கோப்பு. எதிர் நாற்காலியில் அக்கா, மடியில் தம்பி. அவள் கால் தரைக்கு எட்டவில்லை. சுவரோரம் மனைவியும் வக்கீலும். மெக்கானிக் பழக்க தோஷத்தில் கதவருகே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி மெதுவாகக் கேட்டார். கப்பல்காரர் இவர்களுக்குச் சொன்னார்: "இவங்ககூடப் போய் இருக்க உனக்குச் சம்மதமான்னு கேக்குறாங்க மாப்ள."

அக்கா மேசையைப் பார்த்தாள்.

அதிகாரி இன்னொரு விதமாகக் கேட்டார். பயப்படாதே, எதைச் சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். சுவர்க் கடிகாரம் ஓடியது. தம்பி அவள் சட்டைக் காலரை வாயில் வைத்துச் சப்பினான். மூன்றாவது முறை கேட்டார். பதில் இல்லை. அதிகாரி பெருமூச்சு விட்டு, பேனாவுக்கு மூடி போட்டார். மனைவி வக்கீலின் கையைப் பிடித்த பிடியில் அவள் ஆ என்றாள். பொறுப்பாளர் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது அக்கா நாற்காலியிலிருந்து நழுவி இறங்கினாள். தம்பியை இறுக்கி இடுப்பில் ஏற்றினாள். அவன் அவளில் பாதி கனம் இருப்பான், அவள் உடம்பு ஒரு பக்கமாக வளைந்தது. அறையின் குறுக்கே நடந்தாள். கதவருகே வந்து நின்று, மெக்கானிக்கின் கண்ணை நேராகப் பார்த்தாள். பிறகு தம்பியை அவர் மடியில் வைத்தாள். வைத்தபின் அவர் இடக்கையைப் பிடித்து இழுத்து அவன் முதுகுக்குப் பின்னால் கொடுத்தாள். வலக்கையை எடுத்து அவன் வயிற்றின்மேல் வைத்தாள். சற்றுப் பின்னால் நகர்ந்து பார்த்து, இடக்கையை மட்டும் ஒரு விரற்கடை மேலே ஏற்றினாள். திருகாணி சரியாக உட்கார்ந்துவிட்டதா என்று பார்க்கிற மெக்கானிக்கைப்போல.

பிறகு அதிகாரி பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். நாலைந்து சொல்தான். சொல்லிவிட்டுத் தன் நாற்காலியில் ஏறி, மேசைமேல் கைகளை மடித்து, தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

கப்பல்காரர் கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை, புறங்கையால் முகத்தைத் துடைத்தார்.

"தம்பிய இவரு பாத்துக்குவாருன்னு சொல்லுது" என்றார். இந்தத் தடவை மாப்ள சேர்க்கவில்லை. "அதுக்குத் தூக்கம் வருதாம். கொஞ்ச நேரம் தூங்கிக்கிறேன்னு சொல்லுது."

அவர் முடிப்பதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள். எட்டு மாதமாகப் பகலில் மூடாத கண்கள். வாய் லேசாகத் திறந்திருந்தது. விழுந்த பல்லின் இடம் தெரிந்தது. கால்கள் தரைக்கு எட்டாமல் தொங்கின. இத்தனை நாளும் அவளைப் பார்த்தவர்களுக்கு அவள் இவ்வளவு சின்னப் பிள்ளை என்பது அப்போதுதான் உறைத்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மெக்கானிக் மூச்சைக்கூட அளந்து விட்டார். எத்தனையோ ஆயிரம் கிலோ பாரத்தைக் கயிற்றில் தூக்கி நிறுத்தியவர், மடியில் இருந்த பத்துக் கிலோவை எப்படித் தாங்குவது என்று இப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தார். தம்பி அவர் முகத்தைத் தடவிப் பார்த்தான், மீசையை இழுத்தான். அவள் வைத்த இடத்திலிருந்து கையை இம்மி நகர்த்தவில்லை அவர்.

அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார். கோப்பைத் தேடினார். அது அக்காவின் கன்னத்துக்கு அடியில் இருந்தது. பொறுப்பாளர் அம்மா மெல்ல உருவி எடுக்கக் கை நீட்டினார். அதிகாரி வேண்டாம் என்று தலையசைத்தார். அடுத்த ஊருக்குப் போகக் காத்திருந்த வண்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஜாடை காட்டினார். பிறகு தும்மல் வராமலிருக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு, திறந்த பேனாவோடு, அவள் தானாக எழுந்திருக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.